குலசாமி பேரில் ஒரு பாஸ்வேர்டு

"அண்ணாச்சி, உங்க குலசாமி பேரைச் சொல்லுங்க. உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை நான் சொல்லுதேன்."

பசுவந்தனை பஸ் கோவில்பட்டியைத் தாண்டவில்லை. முன் சீட்டில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. எதிர் வரிசையில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண்.

"யூனிவர்சிட்டில இதத்தான் படிக்கியாக்கும்?"

"நெட்வொர்க் பாதுகாப்பு படிக்குதேன். கடைசி வருசம். ப்ராஜெக்ட் செய்யத்தான் உங்க ஆபீஸைக் கேக்குதேன்."

"எங்க கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பயலும் நுழைய முடியாதும்மா. அது கெடக்கட்டும், எங்க சாமி காளியம்மன்."

"அப்பம் காளியம்மன், பின்னால ஒண்ணு ரெண்டு மூணு."

அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இங்கன முக்காவாசிப் பேரு இப்படித்தான் வைக்காவ."

அவர் உடனே போனை எடுத்து ஆபீஸுக்குப் பேசினார். "ஏலே, பாஸ்வேர்டை இப்பமே மாத்து. என் மாமனார் வீட்டுச் சாமி பேரைப் போடு. அய்யனாருலே, அய்யனாரு! பின்னால அதே ஒண்ணு ரெண்டு மூணு!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஆபீஸுக்கு வரட்டுமான்னு கேக்கல, அண்ணாச்சி. வாரேன்."