முதுகில் அடித்த காற்று

— நின்னுட்டியா, வோப்பே?

— நிக்கல. மிதிக்கிறேன். வண்டிதான் நகரல.

— இடது கால் பெடல்லதானே இருக்கு? வார் அவிழ்ந்துடுச்சா பாரு.

— இருக்கு. வலது கால் தள்ளுது, இது கூடவே சுத்துது. பக்கவாதம் வந்த காலுக்கு ஓசிச் சவாரி.

— நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. உதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு உனக்கு.

— மல்லாந்து படுத்து மிதிச்சா எதிர்க்காத்தே தெரியாதுன்னு சொன்னானே, இந்த மூணு சக்கரச் சைக்கிளை வித்த கடைக்காரன்.

— அவன் கடைக்குள்ள ஓட்டிக் காட்டினான். இது கடலைத் தடுக்கிற அணைக்கரை. உன் வண்டிக் கொடியைப் பாரு, கம்போட பிச்சுக்கிட்டுப் போயிடும்போல.

— ஹிஸ்கே. அந்த ஆடு என்னையே பாக்குது.

— பாக்கட்டும். அதுக்காவது மேல கம்பளி இருக்கு. இரு, என் சைக்கிளைச் சாத்திட்டு வந்து பின்னாலேர்ந்து தள்ளுறேன்.

— வேண்டாம். உன் இடுப்பு.

— அடேங்கப்பா, பொண்டாட்டி இடுப்பு ஞாபகம் வந்துடுச்சே! ராத்திரி ராத்திரி உன்னைத் தாங்கி மாடியேத்தறப்ப எங்க போச்சு அது?

— சும்மா இரு.

— கேளு, இருட்டிக்கிட்டு வருது. உன் அக்கா வீட்டுக்கே திரும்பிடலாமா? அந்தப் பக்கம் திருப்பினா வண்டி தானா உருளும்.

— மாட்டேன். ‘பறந்து வந்தேன்க்கா’ன்னு சொல்லிட்டு, ரெண்டு கிண்ணம் பட்டாணி சூப் குடிச்சுட்டு வந்திருக்கேன். எந்த முகத்தோட போவேன்?

— அப்ப யாரையாவது காரோட கூப்பிடவா?

— எந்தக் காருக்குள்ள நுழையும் இது? விடு. போகும்போது பறந்தேன்ல? அதே கால்தானே? கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்.

— அது காலு இல்ல, வோப்பே. காத்து.

— என்ன காத்து?

— முதுகுல அடிச்ச காத்து. உட்கார்ந்து ஓட்டியிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும். படுத்துக் கிடந்தே, சீட்டு மறைச்சுடுச்சு.

— இந்த ஊர்ல சின்னப் புள்ளகூட எதிர்க்காத்துலதான் கிளம்பும். திரும்பறப்ப சுகமா வரணும்னு. வழி சொன்னது நீதானே?

— நான்தான். தெரிஞ்சேதான் சொன்னேன்.

— ஏன்?

— ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாளா உன் முகத்துல ஒரு சிரிப்பைக் காணல. ஒரே ஒரு தடவை நீ முன்னால போகணும், நான் பின்னால மூச்சு வாங்கணும்னு ஆசைப்பட்டேன். பாதி தூரம் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேதான் வந்தேன்.

— பிரேக்கா!

— கோவிச்சுக்காதே. ஏய், அழறியா?

— காத்து. கண்ணுல அடிக்குது.

— சரி, விடு. கால் வராட்டி என்ன? டொக்கும் டவுன்ல அந்த வாடகை வீடு இருக்கு. படியே கிடையாது, குளிக்கிற இடத்துல கைப்பிடி, ஜன்னலைத் திறந்தா கால்வாய். எத்தனை வருஷம் காத்திருந்து பட்டியல்ல நம்ம பேர் மேல வந்திருக்கு! இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்னாங்க வீட்டு ஆபீஸ்ல. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்னுதான் இருந்தேன். இந்த லட்சணத்துல எப்பப் போய்ச் சேர்றது? இங்கேயே போன்ல பேசிடறேன்.

— இங்க எதுக்கு? கை விறைச்சுடும்.

— விறைக்கட்டும். ‘எடுத்துக்கிறோம்’னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லிட்டா உன்னைக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போறதுக்கும் தயார். இந்தக் கையுறையைப் பிடி.

— பண்ணாதே, ஹிஸ்கே.

— ஏன்? இன்னுமா வீம்பு?

— அக்கா வீட்டுச் சமையக்கட்டுல நீ கிண்ணம் கழுவிக்கிட்டு இருந்தே.

— ஆமா, அதுக்கு என்ன இப்ப?

— அப்பவே நான் பேசிட்டேன். கால் வந்துடுச்சு, வீடு வேண்டாம்னு. ‘ரொம்ப சந்தோஷம் ஐயா’ன்னு சொல்லி, அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டா அந்த ஆபீஸ் பொண்ணு.