ஓ. எர்தெம் என்பவர்

ஓர்குன்: “பெண்கள் ஏன் கணினித் துறையை விட்டுப் போகிறார்கள்?” ...இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தணுமா?

ஓயா: நிறுத்து. யோசிக்கிற மாதிரி இருக்கும்.

ஓர்குன்: எவ்வளவு நேரம்?

ஓயா: மனசுக்குள்ள மூணு எண்ணு. ரோட்டைப் பாரு, லாரி வருது.

ஓர்குன்: பார்த்துட்டேன். ...ஒண்ணு, ரெண்டு, மூணு. “இந்தக் கேள்வியை என் மனைவியிடம் கேட்டேன்.” நான் எப்போ கேட்டேன்?

ஓயா: கேக்கலை.

ஓர்குன்: அப்புறம் ஏன் எழுதினே?

ஓயா: கேட்டிருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு.

ஓர்குன்: சரி. அடுத்த வரி என்ன? பேப்பர் உன்கிட்டதானே இருக்கு.

ஓயா: “அவள் பதில் சொல்வதற்குள் எனக்கு ஃபோன் வந்துவிட்டது.”

ஓர்குன்: ஹா... இது நல்லா இருக்கு. எல்லாரும் சிரிப்பாங்க.

ஓயா: ஆம்பளைங்க சிரிப்பாங்க.

ஓர்குன்: பொண்ணுங்க?

ஓயா: ...டீ ஊத்தவா? ஃபிளாஸ்க்ல இன்னும் சூடா இருக்கு.

ஓர்குன்: பாதி கிளாஸ் போதும். போலாட்லி தாண்டிட்டோமா?

ஓயா: இப்பதான். எஸ்கிஷெஹிருக்கு இன்னும் ஒண்ணரை மணி நேரம். அதுக்குள்ள ரெண்டு தடவை முழுசா சொல்லிப் பார்த்திடலாம்.

ஓர்குன்: அந்தக் கணக்கு எங்கே வருது? நம்ம வகுப்புக் கணக்கு?

ஓயா: முதல் பக்கம். “எங்கள் வகுப்பில் நாற்பது பேர். அதில் பதினேழு பேர் பெண்கள். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வந்து பார்த்து, ‘உங்கள் நாட்டில் மட்டும் எப்படி?’ என்று வாயைப் பிளந்தார்கள்.”

ஓர்குன்: பிளந்தாங்க, ஞாபகமிருக்கு. ஒரு ஆள் ஃபோட்டோ எடுத்தாரு. என்னை ஓரமாப் போய் நிக்கச் சொல்லிட்டாரு.

ஓயா: அன்னைக்குக்கூட நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே.

ஓர்குன்: சும்மா இரு. ...அவர் கேட்டதுக்கு யாராவது பதில் சொன்னாங்களா?

ஓயா: நான் சொன்னேன். “வெயில் படாத வேலை, உட்கார்ந்த இடத்துல வேலை, பொம்பளைப் பிள்ளைக்கு ஏத்ததுன்னு எங்க அப்பா சேர்த்துவிட்டார்”னு.

ஓர்குன்: அதையும் பேச்சுல போட்டுடேன்.

ஓயா: வேண்டாம். அடுத்த வரி நல்லா வராது.

ஓர்குன்: அடுத்த வரி என்ன?

ஓயா: “இப்பவும் வெயில் படாத இடத்துலதான் இருக்கேன்.” ...டீயைப் பிடி, கொட்டுது.

ஓர்குன்: நீயா விட்டதுதானே ஓயா? நான் விடச் சொல்லலையே.

ஓயா: சொல்லலை.

ஓர்குன்: ஜெரென் பிறந்தா. ஒருத்தர் வீட்ல இருக்கணும்னு ஆச்சு. உட்கார்ந்து பேசினோம்.

ஓயா: பேசினோம். நீ பேசினே, நான் குழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டிருந்தேன். ...நான் ஒண்ணும் சண்டைக்கு வரலை. பேச்சைச் சொல்லு. மூணாவது பக்கம், புள்ளிக் கதை.

ஓர்குன்: அதை நீயே வாசி. அது எனக்கு எப்பவும் குழம்பும்.

ஓயா: “பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புதிய பதிவு மென்பொருள் வந்தது. முதல் நாளே இஸ்மாயில் என்ற பெயருள்ள ஒருவரையும் அதற்குத் தெரியவில்லை. இப்ராஹிமைத் தெரியவில்லை. இன்ஜியைத் தெரியவில்லை. மார்வலியோடு வந்தவரிடம், ‘நீங்கள் இந்த ஊரிலேயே இல்லை’ என்றது.”

ஓர்குன்: இங்கே சிரிப்பு நிச்சயம்.

ஓயா: “வெளிநாட்டில் செய்த மென்பொருள். ஆங்கிலத்தில் போல, சின்ன ‘i’யைப் பெரிய எழுத்தாக்கினால் தலையில் இருக்கிற புள்ளி போய்விடும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நம் துருக்கி எழுத்தில் அந்தப் புள்ளி போகாது. புள்ளி வைத்தது ஓர் எழுத்து, வைக்காதது வேறோர் எழுத்து. இந்த ஒரு புள்ளியைத் தேடி மூன்று நாள் ஆனது. கடைசியில் பிழை கண்டுபிடிக்கப்பட்டது.”

ஓர்குன்: கண்டுபிடிக்கப்பட்டதா? யாராலன்னு போடலையா?

ஓயா: போடணுமா?

ஓர்குன்: “நாங்கள் கண்டுபிடித்தோம்”னு போடலாமே.

ஓயா: அந்த மூணு நாளும் நீ அந்தால்யாவுல இருந்தே. உன் தங்கச்சி கல்யாணம்.

ஓர்குன்: அறிக்கை எழுதினது நான்தானே?

ஓயா: ஆமா. “தயாரித்தவர்: ஓ. எர்தெம்”னு போட்டே. நல்லா ஞாபகமிருக்கு. “ரெண்டு பேருக்கும் முதல் எழுத்தும் குடும்பப் பேரும் ஒண்ணு, மை மிச்சம்”னு சிரிச்சே. நானும்தான் சிரிச்சேன்.

ஓர்குன்: இப்போ எதுக்கு அது...

ஓயா: இல்லை, அழைப்புல என்ன எழுதியிருந்ததுன்னு யோசிக்கிறேன். “மதிப்பிற்குரிய ஓ. எர்தெம் ஹோஜாம்.” அப்படித்தானே?

ஓர்குன்: அப்படித்தான்.

ஓயா: ஹோஜாம்னா வாத்தியார்தானே, அதுக்கு மீசை இருக்கணுமா?

ஓர்குன்: விளையாடாதே. அந்தக் கல்லூரியில கான்டீன்காரரையே நாம ஹோஜாம்னுதான் கூப்பிடுவோம்.

ஓயா: அதைத்தான் நானும் சொல்றேன். அப்புறம், “புள்ளிச் சிக்கலைத் தீர்த்தவர் அவர், அவரே வந்து பேச வேண்டும்.” அவர்னா அவனும்தான், அவளும்தான். நம்ம மொழியே அப்படி. யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

ஓர்குன்: ஆண் ஒருத்தரோட பார்வையும் வேணும்னு கூப்பிட்டிருக்காங்க, ஓயா.

ஓயா: கடிதத்துல அப்படி இருந்ததா?

ஓர்குன்: ...வரிக்கு நடுவுல இருந்தது.

ஓயா: உனக்கு வரிக்கு நடுவுல படிக்கத் தெரியும்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே.

ஓர்குன்: குத்திக்கிட்டே வா. ...அந்தக் கடலை எடு.

ஓயா: இந்தா. ரெண்டாவது பக்கமும் படிச்சியா? இந்த வருஷ வகுப்பு பத்தி எழுதியிருந்தாங்களே.

ஓர்குன்: செவ்வாய், வியாழன் வகுப்பு எடுக்கணும், பிடிச்சிருந்தா அடுத்த வருஷம் நிரந்தரம். படிச்சேன். பேசி முடிச்சதும் மரியாதையா வேண்டாம்னு சொல்லிடுவேன். அங்காராவுல இருக்கிற வேலையை விட்டுட்டு எவன் வருவான்?

ஓயா: நான் எடுத்தா?

ஓர்குன்: என்ன?

ஓயா: அந்த வகுப்பை நான் எடுத்தா என்னன்னு கேட்டேன்.

ஓர்குன்: நீ... ஏழு வருஷமாச்சு ஓயா. அங்கே எல்லாமே மாறிடுச்சு.

ஓயா: புள்ளி மாறலை.

ஓர்குன்: அதுக்கில்லை. ரயில்ல போனாலும் போக ஒண்ணரை, வர ஒண்ணரை. ஜெரெனை யாரு பார்ப்பா? எங்கம்மாவுக்கு முட்டி வலி, இன்னைக்கே கெஞ்சித்தான் விட்டுட்டு வந்தோம். ஆசைப்படறதுல தப்பில்லை. நடக்கணுமே.

ஓயா: ம்.

ஓர்குன்: கோபமா?

ஓயா: இல்லை.

ஓர்குன்: சிவ்ரிஹிசாரும் தாண்டியாச்சு. ஏதாவது பேசேன்.

ஓயா: நாலாவது பக்கம் பாக்கியிருக்கு. “அவர்களைத் தடுப்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. முட்டி வலியையும் ரயில் நேரத்தையும் சரியாகக் கணக்கிடத் தெரிந்த நல்லவர்கள்.”

ஓர்குன்: இது பேப்பர்லயா இருக்கு?

ஓயா: இப்போ தோணிச்சு.

ஓர்குன்: ...ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டியே?

ஓயா: சொல்லு.

ஓர்குன்: பதினாறு வருஷ வேலையில என்னை யாரும் எங்கேயும் பேசக் கூப்பிட்டதில்லை. படிக்கும்போதும் பேராசிரியருங்க உன் பேரைத்தான் சொல்லுவாங்க. “ஓயா வரலையா? ஓயாகிட்ட கேட்டியா?” அந்தக் கடிதத்தைத் திறந்தப்போ... ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. அவ்வளவுதான்.

ஓயா: ...தெரியும்.

ஓர்குன்: என்ன தெரியும்?

ஓயா: அன்னைக்கு நீ ஜன்னல்கிட்ட நின்னு அதை நாலு தடவை படிச்சே. சமையல்கட்டுலேர்ந்து பார்த்தேன். அதனாலதான் எதுவும் கேக்கலை. ...இடது பக்கம் திரும்பு, கல்லூரி கேட் வந்துடுச்சு.

ஓர்குன்: இதெல்லாம் புதுக் கட்டடம். நாம படிச்சப்போ இங்கே ஒண்ணுமே இல்லை. டை சரியா இருக்கா?

ஓயா: குனி. ...இப்போ சரி.

ஓர்குன்: யாரோ ஒரு பொண்ணு வேகமா வருது.

பெர்ராக்: வாங்க ஹோஜாம், வாங்க. நான் பெர்ராக், இங்கே ஆய்வு மாணவி. கூட்டத்துக்கு எல்லா ஏற்பாடும் நான்தான். வழியெல்லாம் சௌகரியமா இருந்ததா?

ஓர்குன்: ரொம்பச் சௌகரியம். நான் ஓ. எர்தெம்.

பெர்ராக்: ஓ... நீங்கதானா அது? ஃபோன்ல பேசினோமே சார். குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டேன்.

ஓர்குன்: இல்லைம்மா, அது வந்து...

பெர்ராக்: போன மாசம் இவங்களைக் கேட்டுத்தான் ஃபோன் பண்ணினேன். “அவங்க இதையெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு, மேடை ஏற மாட்டாங்க, வேணும்னா நான் வர்றேன்”னு சொன்னீங்க. எனக்கு ஒரே வருத்தம். அப்புறம் மறுநாளே ஹோஜாம்...

ஓயா: பெர்ராக், பேர் அட்டை ரெடியா?

பெர்ராக்: ரெடி ஹோஜாம். நீங்க சொன்ன மாதிரியே முழுப் பேரும் போட்டுட்டோம், ஓயா எர்தெம்னு. சாருக்கு ரெண்டாவது வரிசையில இடம். பேசுறவங்க வீட்டுக்காரங்க எல்லாரும் அங்கேதான். நான் போய் மைக் பார்க்கறேன், பத்து நிமிஷம்.

ஓர்குன்: அப்போ எல்லாம் தெரியும் உனக்கு.

ஓயா: அந்தப் பொண்ணு நம்ம வீட்டு நம்பர்லயும் கூப்பிட்டுச்சு. நீ சொன்னதை நம்பலையாம்.

ஓர்குன்: தெரிஞ்சும் எனக்குப் பேச்சு எழுதிக் குடுத்தே. சட்டை தேய்ச்சே. வழி முழுக்கத் திருத்திக்கிட்டே வந்தே.

ஓயா: நீயே சொல்லிடுவேன்னு நினைச்சேன். போலாட்லில சொல்லுவே, இல்லேன்னா சிவ்ரிஹிசார்ல சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே வந்தேன்.

ஓர்குன்: சொல்லியிருந்தா?

ஓயா: பாதி நேரம் உனக்குக் குடுத்திருப்பேன். நிஜமா.

ஓர்குன்: ...ஓயா, இப்போ என்ன பேசப்போறே? பேப்பர் நாலு பக்கமும் என் பேச்சுதானே?

ஓயா: அது நான் வேண்டாம்னு ஒதுக்கினது. எழுதும்போது எனக்கே கொஞ்சம் பொய்யாப் பட்டுச்சு. இன்னைக்குக் கார்ல கேட்டதைத்தான் பேசப்போறேன்.

ஓர்குன்: அந்த வகுப்பு? அதுக்கு என்ன சொல்லப்போறே? யோசிச்சு, வீட்ல உட்கார்ந்து பேசி...

ஓயா: போன வாரமே சரின்னு எழுதிக் குடுத்துட்டேன். செவ்வாயும் வியாழனும் ஜெரெனுக்கு மூணேகாலுக்குப் பள்ளிக்கூடம் விடும். வாசல்ல பச்சைக் கம்பிக்கிட்ட நிக்கணும், உள்ளே விட மாட்டாங்க. யாருன்னு கேட்டா, ஓ. எர்தெம்னு சொல்லு. போதும்.