ரெண்டு பூட்டுப் பெட்டி

— பெட்டியைத் திறங்கப்பா.

— என்ன சொன்னே?

— பெட்டியைத் திறந்து உள்ள இருக்கற லென்ஸைக் காட்டுங்கன்னு சொன்னேன்.

— பாப்பா, சங்கத்துல சேரும்போதே மாமா உனக்கு என்ன சொன்னேன்? எதை வேணாலும் கேள்வி கேளு. அரசாங்கத்தைக் கேளு, ஆஸ்பத்திரியைக் கேளு, சூரியனைக்கூடக் கேளு. பெட்டியை மட்டும் கேட்காதேன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க மாமா. கேட்டுட்டேன்.

— மச்சான், இது தானா வர்ற பேச்சு இல்ல. யாரோ பேச வைக்கிறாங்க. குறிச்சுக்கோங்க.

— குறிக்கிறது நான்தான் மாமா. இந்த வீட்டுலயே முதல் டிகிரி, அதுவும் ஃபிசிக்ஸ். அதை வெச்சுக்கிட்டு மூணு வருஷமா உங்க ரெண்டு பேர் சண்டையை மினிட்ஸ் புக்ல எழுதிட்டிருக்கேன். படிச்ச பொண்ணுன்னு முன்வரிசையில உட்கார வைக்கறீங்க, படிச்சதைப் பேசினா வாயை மூடுங்கறீங்க.

— அளவாப் பேசும்மா.

— அளவாத்தான் பேசறேன்பா. அம்மாவுக்கு வலது கண்ணு மொத்தமாப் போச்சு. இடது கண்ணுல வெறும் நிழல். புரையை எடுத்துட்டு லென்ஸ் வெச்சா நல்லாத் தெரியும்னு டாக்டர் சொல்றாரு. நீங்க ரெண்டு பேரும் அது லென்ஸ் இல்ல, வேவு பார்க்கற கருவிங்கறீங்க. ஆதாரம் பெட்டிக்குள்ள இருக்குங்கறீங்க. காட்டுங்க.

— வேவுன்னு பொத்தாம்பொதுவாச் சொல்லாதே. கண்ணு பார்க்கறதை எல்லாம் லென்ஸ் பதிவு பண்ணும். அவ்வளவுதான் என் அணியோட நிலைப்பாடு. ஆள் செத்த பிறகு எடுத்துப் பார்ப்பாங்க.

— சாகற வரைக்கும் காத்திருப்பாங்களாம்! அவங்களுக்கு ஏது மச்சான் அவ்வளவு பொறுமை? பார்க்கப் பார்க்க அனுப்பிரும். குறிச்சுக்கோ பாப்பா.

— அனுப்பறதுக்குக் கரண்ட் வேணும் மாப்ள. கண்ணுக்குள்ள ஏது கரண்ட்?

— கண்ணு சிமிட்டறோமே, அது எதுக்குன்னு நினைச்சீங்க?

— இதுக்காகத்தானே போன வாரம் பதினோரு பேரை வாட்ஸ்அப் குரூப்புல இருந்து தூக்கினீங்க?

— அவங்க ஒற்றர்கள் பாப்பா.

— ஒருத்தர் நமக்குப் பால் ஊத்தறவரு.

— தினமும் நாலு மணிக்கு எழுந்திரிக்கறான். எதுக்குன்னு கேளு.

— சரி. சாவி ரெண்டு. தலைவர்கிட்ட ஒண்ணு, செயலாளர்கிட்ட ஒண்ணு. ரெண்டு பேரும் இந்தத் தையல்கடையிலதான் உட்கார்ந்திருக்கீங்க. பெட்டி மெஷினுக்குப் பின்னாடி இருக்கு. திறக்க என்ன தடை?

— மூணுல ரெண்டு பங்கு உறுப்பினர் கையெழுத்துப் போடணும்மா.

— எந்த அணி உறுப்பினரு?

— அதான் இன்னும் முடிவாகலை.

— அக்கா பொண்ணாச்சேன்னு உனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன் பாப்பா. நான் அதைப் பார்த்திருக்கேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி.

— என் சாவி இல்லாம எப்படிப் பார்த்தே?

— உங்க சாவிக்கு டூப்ளிகேட் எடுத்தேன் மச்சான். ஜெராக்ஸ் கடைக்காரன்தானே நான். உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. நீங்க என் சாவிக்கு எடுத்திருப்பீங்கன்னுதான்.

— எடுத்தேன்.

— தெரியும்.

— உள்ள என்ன மாமா இருந்துச்சு?

— ரவுண்டா, வழவழன்னு, கண்ணாடி மாதிரி. நடுவுல நாலு ஓட்டை. நாலு ஓட்டை, நாலு திசை. அன்னைக்கே புரிஞ்சுபோச்சு, இது பதிவு பண்ற சாமான் இல்ல, அனுப்பற சாமான். என் அணி பிறந்ததே அங்கதான்.

— நாலு ஓட்டை.

— அவ்வளவு சீரா, அவ்வளவு அளவா! மனுஷன் கையால போடவே முடியாது.

— அப்பா, முப்பது வருஷமா சட்டை தைக்கறீங்க. அது என்னன்னு நீங்களே சொல்லுங்க.

— மாப்ள, வாசல்ல யாரோ நிக்கிற மாதிரி இருக்கே?

— பால்காரனா? இருங்க, பார்த்துட்டு வரேன்.

— போயிட்டாரு. சொல்லுங்கப்பா.

— மெதுவா. சங்கத்தை ஆரம்பிச்சவரு சாகும்போது லென்ஸை என் கையிலதான் கொடுத்தாரு. துடைச்சு வைக்கலாம்னு எடுத்தேன். தும்மல் வந்துருச்சு.

— தும்மினீங்க.

— துணித் தூசிம்மா. கடை பூராத் தேடினேன், கிடைக்கலை. மறுநாள் கூட்டம். அவசரத்துக்குக் கையில அகப்பட்டது அதுதான்.

— ஒரு தும்மலுக்கு அம்மாவோட கண்ணாப்பா?

— நூத்திப்பத்துப் பேரு என்னைத் தலைவரேன்னு கூப்பிடறாங்கம்மா. மத்தவங்களுக்கு எல்லாம் நான் பேன்ட்டைக் கீழ மடிச்சு அடிச்சுத் தர்றவன்.

— மாமா உள்ள வந்ததும் அவர்கிட்ட இதைச் சொல்லுங்க. ஒரே ஒரு வரி. மினிட்ஸ்லகூட எழுதலை.

— வாசல்ல யாருமே இல்ல மச்சான். அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.

— மாமா, அப்பா உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்.

— சொல்லுங்க மச்சான்.

— அது வந்து மாப்ள... அது லென்ஸ்தான். ஆனா நாலு ஓட்டையும் பதிவு பண்றதுக்கு. அனுப்பறதுக்கு இல்ல.

— ஆரம்பிச்சுட்டாருய்யா!

— சரிப்பா. இந்தாங்க மினிட்ஸ் புக். பேனா உள்ளயே இருக்கு.

— எங்கம்மா கிளம்பிட்டே? கூட்டம் முடியலை.

— அம்மா தெருமுனையில வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கா. இன்னைக்கு அட்மிஷன், நாளைக் காலையில ஆபரேஷன். நேத்தே கையெழுத்துப் போட்டுட்டா. கோடு எங்க இருக்குன்னு விரலைப் பிடிச்சு வெச்சது மட்டும்தான் நான்.

— எங்க அக்காவா? என்னைக் கேட்காமயா?

— அப்பா தன் வாயால உண்மையைச் சொன்னா அவரையும் கூட்டிட்டு வான்னு அம்மா சொன்னா மாமா. அதுக்குத்தான் உள்ள வந்தேன்.

— அவளுக்கு என்னம்மா உண்மை தெரியும்? அவளுக்குத்தான் கண்ணே தெரியாதே.

— நூல்கண்டு டப்பாவுக்குள்ள ரெண்டு சாவியும் ஒண்ணா இருந்துச்சாம்பா. போன மாசம் பெட்டியைத் திறந்து, உள்ள இருந்ததை விரலால உருட்டிப் பார்த்திருக்கா. என்னோட இந்தச் சட்டையில வலது கைப் பட்டன் அறுந்து கிடந்துச்சு இல்ல? பெட்டியில இருந்த அந்த நாலு ஓட்டைச் சாமானைத்தான் தடவித் தடவியே அங்க தைச்சுக் கொடுத்தா. ஒரு மாசமா அதைப் போட்டுக்கிட்டுத்தான் உங்க மினிட்ஸை எழுதிட்டிருக்கேன்.