ஏணிக்கு மட்டும் அழைப்பு

…அதாம் வே சொல்லுதேன், ஏணி கேட்டு வந்தவன் வாயில அந்த ஒரு வார்த்தை வரல பாத்தீரா? பக்கத்து வீட்டு மூக்காண்டியத்தான் சொல்லுதேன். "அண்ணாச்சி, சீரியல் லைட்டு கட்டணும், ஏணி தாங்க"ன்னான். குடுத்தேன். "எம் மவ பொன்செல்விக்குக் கல்யாணம், வந்துருங்க"ன்னு சொன்னா நாக்கு தேஞ்சா போயிரும்?

நில்லும் வே, மண்டபம் எங்கயும் ஓடிராது. நீரு எங்க மாடிக்குக் குடிவந்து ரெண்டு மாசம் இருக்குமா? உமக்கு அழைப்பு உண்டு. பட்டு வேட்டி என்ன, செண்டு என்ன… இருக்கட்டும், இருக்கட்டும். கோடி வீட்டுப் பேச்சிராஜ் கனடாவுல கெடக்கான், அவனுக்கும் உண்டு. அங்கன உக்காந்து லைவ்ல தாலி கட்டுததப் பாப்பானாம். மூக்காண்டிக்கும் எனக்கும் நடுவுல ஒத்தச் செவுரு. அதத் தாண்டி அழைப்பு வரல!

என்னது… தெரு குரூப்ல போட்டாச்சா? அட, அந்தக் குரூப்ப ஆரம்பிச்சதே நாந்தான் வே! துபாய்க்குப் போன நம்ம ரிபாயிய அட்மின் ஆக்கினதும் நாந்தான். "சித்திரை வெயில்ல வீடு வீடா ஏறி எறங்கிப் பத்திரிகை வைக்கணுமா? குரூப்ல போட்டா போதும். நேர்ல கூப்பிட்டாத்தான் வருவேங்கவன் வரவே வேண்டாம்"னு எழுதினது… ம்… அதுவும் நாந்தான். எல்லாரும் கட்டவெரலு போட்டானுவ. மூக்காண்டி ரெண்டு போட்டான்.

இப்ப நான் அதுல இல்ல. யாரும் தூக்கல வே, நானாத்தான் வெளிய வந்தேன். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துல நசுங்கி நின்னு வீடியோ எடுத்துப் போட்டேன், ஒருத்தனும் ஏன்னு கேக்கல. பேச்சிராஜ் தொட்டியில ஒத்தத் தக்காளி காய்ச்சிருக்குன்னு போட்டான், ஹார்ட்டா வந்து விழுது! கோவம் வராதா?

ரிபாயி போன் போட்டு "வாங்க மாமா"ம்பான்னு பாத்தேன். மூக்காண்டி செவுத்துக்கு மேல தலைய நீட்டி "என்ன அண்ணாச்சி, போயிட்டீய?"ம்பான்னு பாத்தேன். தை பொறந்தாச்சு. நான் போனதே ஒருத்தனுக்கும் தெரியல வே… அதுதான் வலிக்கி.

சரி, கெளம்பும், முகூர்த்தம் தாண்டிரும். நானா? சேச்சே, கூப்பிடாத எடத்துக்கு வாரதில்ல.

வே, ஒரு நிமிசம்… அங்கன யாராச்சும் "சங்கரசுப்பு அண்ணாச்சிய எங்க காணோம்?"னு கேட்டா, ஊர்ல இல்லன்னு சொல்லிரும்.

ஒருத்தரும் கேக்கலன்னா… கேட்டாங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லும்.