நாலாவது லைனில் உருக்காலை லூ

— அணைக்க முடியாதும்மா. டயர் மாத்த வந்தியா, மாத்திக்கிட்டுப் போ. இந்தக் கடையில ரேடியோ பத்தொம்பது வருஷமா அணைஞ்சதில்ல.

— இப்பத்தான் அந்த ஆளைக் கண்டபடி திட்டிக்கிட்டு இருந்தீங்க.

— திட்டத்தான் செய்வேன். ரேடியோவுல ஃபுட்பால் அலசற இந்த பட்ச் டொனெகன் ஒரு கழுதை. காலையில ஆறு மணிக்கு வாயைத் திறந்தா பத்து மணிக்குத்தான் மூடுவான், ஒரு வார்த்தை உருப்படியா வராது. வாழ்க்கையில ஒரு பந்தைப் பிடிச்சிருப்பானா? அவன் தொப்பையைப் பிடிக்கவே ரெண்டு கை பத்தாது. எழுதி வெச்சுக்க, இந்த பஃபலோ ஊருலயே அவனை மாதிரி ஒரு முட்டாள் கிடையாது.

— அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?

— கேக்காம எப்படித் திட்டுறது?

— நல்லாயிருக்கு.

— மத்தவனுங்க இன்னும் மோசம்மா. மத்தியானம் ரெண்டு பொடிப்பசங்க வர்றானுங்க. ஆட்டத்தைப் பாக்கவே மாட்டானுங்க, வெறும் நம்பர். சாயங்காலம் வர்றவன் டீம்காரன் போடுற சோத்தைத் தின்னுட்டு கோச்சுக்கு ஜால்ரா அடிப்பான். பட்சாவது மோதினா திருப்பி மோதுவான். உங்க வீட்டுல கேக்கறதில்லையா?

— எங்கப்பா கேப்பார். எனக்கு அந்தக் குரலே ஆகாது.

— அப்பா விவரமான ஆளு.

— நீங்க அந்த நிகழ்ச்சிக்குப் போன் பண்ணிப் பேசுவீங்க இல்ல?

— என்னம்மா இப்படிக் கேட்டுட்ட! டயர்க்கடை காஸ்னா ஊருக்கே தெரியும். என் நம்பரைப் பாத்ததும் எடுத்துடுவானுங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி, செவ்வாய்க்கிழமை, நீ கேட்டிருக்கணும். முந்தின ராத்திரி தோத்துட்டு வந்திருக்கோம். கடைசி நிமிஷம், நாலாவது வாய்ப்பு, ஒரே ஒரு கஜம் போகணும். பந்தைக் கையில வெச்சுக்கிட்டுத் தடுக்கி விழுந்தாலே ஒரு கஜம் வந்துடும். நம்ம கோச் என்ன பண்ணான்? பந்தை உதைக்கச் சொல்லி எதிராளி கையில குடுத்துட்டான். கோழை! பட்ச் அதுதான் சரிங்கறான். விட்டேனா? இருபத்திரெண்டு நிமிஷம். நடுவுல விளம்பரம் போட்டுட்டு வந்தான், அப்பவும் நான் போனை வைக்கல. "நிறுத்துய்யா, மத்தவங்க காத்திருக்காங்க"ன்னான். காத்திருக்கட்டும்னேன்.

— செவ்வாய்க்கிழமையா?

— ஆமா. ஏன்?

— ஒண்ணுமில்ல. உங்களுக்கு அப்புறம் யாரு பேசினாங்க?

— பேசினாங்களா! அன்னிக்குத்தானேம்மா உருக்காலை லூ மாட்டினான், என்னை மாதிரியே தினம் போன் பண்ற ஒரு கிழவன். நான் வெச்ச உடனே நாலாவது லைன். "லாக்கவானாவுலருந்து லூ, சொல்லு ராசா"ங்கறான் பட்ச். என்ன வந்துச்சு தெரியுமா? கொர்ர்ர்ர்னு குறட்டை! கிழவன் காத்திருந்து காத்திருந்து தூங்கிட்டான். பத்து செகண்டு அப்படியே விட்டான் பட்ச். நான் கையில இருந்த டயரைப் போட்டுட்டுச் சிரிச்சேன். இப்ப டீம் சொதப்பினா தினம் அந்தக் குறட்டைதான். நேத்துகூட நானே போன் பண்ணி, "பட்ச், லூவைப் போடு"ன்னேன். போட்டான்.

— நீங்க கேட்டு வாங்கிப் போடச் சொன்னீங்களா?

— ஊரே கேக்குது. ஆனா எனக்கு அந்த லூ மேலதான் கோவம். அன்னியிலருந்து ஆளையே காணோம். ஒரு போன் கிடையாது. ரோசக்காரக் கிழவன்! பத்தொம்பது வருஷமா எனக்கும் அவனுக்கும் சண்டை. நான் கோச்சைத் திட்டினா அவன் தாங்குவான், நான் தாங்கினா அவன் திட்டுவான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "காஸ் சொல்றது சரி"ன்னு அந்த வாயில வந்ததில்ல. அப்பேர்ப்பட்டவன் நாலு பேரு சிரிச்சதுக்கா முகத்தைத் தூக்கி வெச்சுக்குவான்? வந்து எங்களை நாலு கேள்வி கேக்கணுமா இல்லையா?

— அவரை நேர்ல பாத்திருக்கீங்களா?

— எங்க பாக்கறது! நிஜப் பேருகூடத் தெரியாது. அங்க யாரு நிஜப் பேரைச் சொல்றா?

— அந்தச் சீட்டை எடுத்துப் படிங்க. கார் யார் பேர்ல இருக்குன்னு கேட்டு எழுதினீங்களே.

— இக்னேஷியஸ் டோம்பெக், லாக்கவானா. ஏம்மா... லூ உன் அப்பனா? அடப்பாவி! உருக்காலை லூ மகளா நீ? முதல்லயே சொல்ல வேணாமா! போ, போயி அந்தக் கிழவனை இழுத்துக்கிட்டு வா.

— அது குறட்டை இல்ல.

— என்ன?

— அது குறட்டை இல்ல மிஸ்டர். நான் பதினோரு மணிக்குப் போனப்ப நாற்காலியில உக்காந்திருந்தார். கையில போன். உடம்பு சில்லிட்டுப் போயிருந்துச்சு. இதயம் நின்னதும் சில பேருக்கு மூச்சு அப்படி இழுக்குமாம், குறட்டை மாதிரியே கேக்குமாம். டாக்டர் சொன்னார். அந்த நேரத்துல யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தா ஒருவேளைன்னு ஆரம்பிச்சு, என் முகத்தைப் பாத்துட்டு நிறுத்திட்டார். ஊரே கேட்டுச்சு. ஒருத்தரும் கூப்பிடல. எல்லாரும் சிரிச்சீங்க.

— அம்மா...

— மூணு வாரமா கேக்கறேன். பெட்ரோல் போடப் போனா கேக்குது. பல் டாக்டர் வாசல்ல கேக்குது. நான் வேலைக்குப் போற பஸ்ஸுல டிரைவர் சத்தமா வெச்சுச் சிரிக்கறான். எங்கப்பா சாகற சத்தம் மிஸ்டர் அது.

— ஐயோ. எனக்குத் தெரியாதும்மா. பேப்பர்லகூட...

— பேப்பர்ல போட்டோம். இக்னேஷியஸ்னு போட்டோம். உங்களுக்கு லூவைத்தானே தெரியும்.

— அந்த நாய்கிட்ட, பட்ச்கிட்ட நீ சொல்லலியா?

— பதினாலு தடவை போன் பண்ணேன். அப்பா செத்துட்டார்னு சொன்னேன். எடுக்கற பொண்ணு நம்பல. லூ பேரைச் சொல்லித் தினம் பத்து பேரு விளையாடறாங்களாம். லைன்ல இருங்கன்னு சொல்லிட்டுப் போயிடும். ஒரு மணி நேரம் இருந்திருக்கேன். லெட்டர் போட்டேன், பதில் இல்ல. அப்புறம்தான் உங்களைத் தேடி வந்தேன். டயர் நல்லாத்தான் இருக்கு. "அந்த டயர்க்கடைக் கழுதை கூப்பிட்டா மட்டும் உடனே எடுத்துடறானுங்க"ன்னு அப்பா தினம் கத்துவார்.

— கத்துவான். கத்தியிருப்பான். பட்சை இன்னிக்கு நான் உண்டு இல்லைன்னு பண்ணிடறேன். ஊரு முன்னாடி மன்னிப்புக் கேக்க வைக்கறேன் பாரு.

— அவர் மன்னிப்பை நான் என்ன பண்றது? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். லைன்ல விடறதுக்கு முன்னாடி, என்ன பேசப் போறீங்கன்னு கேட்டு எழுதிக்கறாங்க இல்ல?

— ஆமா. அது பட்ச் முன்னாடி திரையில வரும்.

— அது வேணும். அம்மா போனதுக்கப்புறம் அவர் என்கிட்ட "சாப்டியா"வுக்கு மேல பேசினதில்ல. பேச்செல்லாம் அந்தப் போன்லதான், முகம் தெரியாத உங்களோடதான். அதுல எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? அன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு நான் கூப்பிட்டேன். அவர் எடுக்கல. என் போனை ஒதுக்கிட்டு அந்த லைன்ல காத்திருந்தார். எதைச் சொல்லக் காத்திருந்தார்? அதுதான் அவர் கடைசியா சொன்னது. அது எனக்குச் சேர வேண்டியது.

— ரேடியோவை அணை.

— என்ன?

— அணைம்மா. நாம பேசறப்ப அது ஓடினா நம்ம குரலே பின்னாடி திரும்பி வரும். அந்தக் கறுப்புப் பொத்தான், ஆங், அழுத்து. இரு, போன் போகுது. ஸ்பீக்கர்ல போடறேன், நீயும் கேளு. ஹலோ, காஸ் பேசறேன். என்ன விஷயமா? உங்க தலைவனைக் கிழிக்கற விஷயம். உடனே போடு.

— டயர்க்கடை காஸ்! கண்ணுகளா, எல்லாரும் காதைப் பொத்திக்குங்க. சொல்லு ராசா, லூவைப் போடவா?

— போட்டுப் பாரு. நேரா அங்க வந்து அந்த மைக்கைப் பிடுங்கி உன் வாயில திணிப்பேன்.

— காலங்காத்தாலயே கொதிக்கறியே ராசா!

— லூ செத்துட்டான் பட்ச்.

— என்னது? எப்ப?

— நீ தினம் போடறியே, அப்ப. அது அவன் கடைசி மூச்சு. மூணு வாரமா ஒரு மனுஷன் சாகறதைப் போட்டுப் போட்டுச் சிரிக்கற. நானும்தான் சிரிச்சேன், என்னையும் சேத்துக்க. அவன் மக இங்க என் பக்கத்துல நிக்குது.

— விளையாடாதய்யா.

— மிஸ்டர் டொனெகன், நான் டோரீன் டோம்பெக். லூவோட மக. அன்னிக்கு எங்கப்பா என்ன பேசறதுக்காக லைன்ல இருந்தார்னு உங்க திரையில எழுதியிருக்கும். அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்.

— விளம்பரம் போடு. ஏய், போடுங்கறேன்ல! அம்மா... கடவுளே. அம்மா, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.

— தெரியாதாம்! வயசான மனுஷனைக் காக்க வெச்சுக் காக்க வெச்சே கொன்னுட்டு, தெரியாதாம். ஏன்டா அவனை முதல்ல எடுக்கல? எவன்கூடடா அவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்த?

— காஸ். விட்டுடு.

— விடமாட்டேன். எழுதினதைப் படி.

— திரையில வந்ததை ஒரு சீட்டுல எழுதி வெச்சிருக்கேன். என்னிக்காவது உன்னைச் சீண்டலாம்னு தனியா எடுத்து வெச்சேன், இத்தனை வருஷத்துல அவர் இப்படி ஒண்ணு சொன்னதே இல்லையேன்னு. அம்மாகிட்ட நான் தனியா சொல்லிடறேன். நீ போனை வை காஸ்.

— அவர் முன்னாடியே படிங்க.

— கேட்டியா? படிடா!

— "லாக்கவானா லூ. கோச் கோழைதான், அந்த ஒரு கஜத்துக்கு ஓடியிருக்கணும். காஸ் சொல்றது சரி. அவனை நடுவுல வெட்டாதீங்க, பேசி முடிக்கட்டும். நான் காத்திருக்கேன்."