வசந்தினி என்ற பெயரில் இன்னொரு போன்

உரும்பிராயில் எங்கள் வீட்டு வைஃபை கிணற்றடி வரைக்கும் எட்டும். அதனால் அக்கா வசந்தினி உடுப்புத் தோய்க்கும்போதும் போனைப் பக்கத்தில் வைத்திருப்பாள்.

அவளுடைய கணவர், என் அத்தான், பாரிசவாதத்தில் விழுந்து கதைக்க முடியாமல் போனபிறகு கட்டிலில் ஒரு பொத்தான் பூட்டிக் கொடுத்தவன் நான்தான். அழுத்தினால் அது வீட்டு வைஃபைக்குள் ‘வசந்தினி’ என்ற பெயரைத் தேடும். அந்தப் பெயர் எந்தப் போனுக்கு இருக்கிறதோ அந்தப் போன் மணியடிக்கும். நம்பர் தேவையில்லை, பெயர் போதும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, அந்த மணி அவளைத் தின்றது. ஈ இருந்தால் மணி. தலையணை சரிந்தால் மணி. அவள் சோற்றில் கை வைத்தால் மணி. கூடப் பிறந்தவன் எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பது?

என் பழைய போனில் இருந்ததை அழித்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினேன். “உந்தப் போனைத்தான் கட்டப்போறாய் போல” என்று அக்கா சிரித்தாள். வைஃபைக்குள் போனின் பெயரை அறிவிக்கிற சேவையைப் போட்டு, அந்தப் போனுக்கும் வசந்தினி என்று பெயர் வைத்தேன். ஒரே பெயரில் இரண்டு இருந்தால், பிந்தி வந்தது தன் பெயரோடு ஒரு இலக்கத்தைச் சேர்த்துக்கொண்டு ஒதுங்கிவிடும். ஆகவே அக்காவின் போனுக்கு முதலில் வேறு பெயர் வைத்தேன். அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.

பிறகு மணி எனக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் போனேன். வாய் துடைத்தேன், தண்ணீர் பருக்கினேன். என்னைக் கண்டதும் அத்தான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அக்கா ஒருநாள் கீரை ஆய்ந்தபடி, “இப்ப அவர் என்னை அவ்வளவாத் தேடுறேல்லையடா” என்றாள். முகம் வாடியிருந்தது. களைப்பு என்று நினைத்தேன்.

சென்ற வெள்ளி மத்தியானம் அத்தானுக்குக் கஞ்சி பருக்கிவிட்டு அவள் அடுத்த அறையில் கண்ணயர்ந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த நித்திரை. மணி அடித்தது. நான் போகவில்லை. போனால் சுவரைத்தானே பார்ப்பார். விடாமல் அடித்தது. கஞ்சி புரைக்கேறி அவர் திணறுவது எனக்குக் கேட்டது. அக்கா எழும்பிவிடுவாளே என்று போனின் சத்தத்தை நிறுத்தினேன். அவளுடைய அறைக் கதவையும் மெல்லச் சாத்தினேன். அவர் ஓய்ந்தபிறகும் அவளை எழுப்பவில்லை.

கொலை என்றே எழுதுங்கள். மறுக்கமாட்டேன். மன்னிப்புக் கேட்பேன் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

செத்தவீட்டில் அவள் என் கையைப் பிடித்துக் கேட்டாள்: “தம்பி, கடைசி நேரம் அவர் என்னைக் கூப்பிடேல்லையே?”

“இல்லை அக்கா. நித்திரையிலையே போயிட்டார்” என்றேன். அவள் மனம் நோகக்கூடாது, பாருங்கள்.

“அந்த மணி எனக்குப் பாரமா இருக்கேல்லையடா” என்றாள். “அடிச்சால், ஆள் இருக்கிறார் எண்டு ஒரு நிம்மதி.”

துக்கத்தில் அப்படித்தான் சொல்வாள். அவளுக்கு எது நல்லது என்று அவளைவிட எனக்குத் தெரியும். இப்போது அவளை எழுப்ப யாரும் இல்லை. அப்படியிருந்தும் கண் மூடாமல் இருக்கிறாளாம். கொஞ்ச நாள் போனால் நன்றாக நித்திரை கொள்வாள்.