கீழ் வரிசையின் நான்கு பிளக்குகள்

உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி. கீழே ஒரு அறிவிப்பாவது ஒட்டியிருக்கலாம். பரவாயில்லை, உட்காருங்கள். உங்கள் விமான விபத்து அறிக்கையில் ஒரு திருத்தம் சொல்ல வந்தேன்.

முப்பத்தோரு வருடம் கார் உதிரிபாகக் கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவன் நான். அதனால் எங்கள் விமானத் திடலில் ஸ்பார்க் பிளக் என்றால் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். டெல்பர்ட்டும் அப்படித்தான் என்னிடம் வந்தான். பள்ளியில் கணக்கு வாத்தியார். பதினோரு வருடமாகத் விமானம் நிறுத்தும் தன் ஹேங்கர் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினான். தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணியை அடிப்பது அவன், மறுபக்கம் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பது நான். அவன் மனைவி ஆர்லீன் ருபார்ப் கேக்கை டப்பாவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கல்யாணம் உங்க ரெண்டு பேருக்கும் நடந்திருக்கணும்" என்று சிரிப்பாள். என் மனைவி இறந்த பிறகு, வாரத்தில் எனக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் இருந்தது. மற்ற ஆறு நாளும் அதற்காகக் காத்திருப்பது.

நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக். மேல் வரிசைக்குப் பொறி கொடுப்பது பழைய மேக்னெட்டோ, கீழ் வரிசைக்கு மின்னணு இக்னிஷன். கீழே கார் பிளக் போதும். தொழிற்சாலை விமானத்தில் இதைச் செய்ய விடமாட்டார்கள், சொந்தமாகக் கட்டியதில் செய்யலாம். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். சூட்டை வேகமாக வெளியே தள்ளும் குளிர்ந்த வகைதான் விமானத்துக்கு ஆகும். சூடான வகையைப் போட்டால் நுனி கனன்று, நேரத்துக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்து, பிஸ்டனை உருக்கிவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

முதல் நாற்பது மணி நேரம், கட்டியவன் தனியாகத்தான் பறக்க வேண்டும். அது முடிந்ததும், முதல் பயணியாக, கூட இருந்து ரிவிட் பிடித்தவனை ஏற்றிக்கொள்வது எங்களிடம் வழக்கம். முப்பத்தெட்டாவது மணி நேரம் முடிந்து இறங்கியபோது டெல்பர்ட் சொன்னான்: "வீட்டை வித்தாச்சு ராய். செப்டம்பர்ல ஒரேகானுக்கே போயிடறோம், மக கேத்தி பக்கத்துல. இதுலயே பறந்து போகப் போறேன்."

"நல்ல விஷயம்ப்பா" என்றேன்.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். ஒரு பிஸ்டன் மட்டும் கெட்டுப்போனால் எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டியிருக்கும். அதற்குள் அயோவாவில் பனி விழுந்துவிடும். வசந்தம் வரை ஹேங்கரில் நாங்கள் இரண்டு பேர், ஹீட்டர், காபி. ஒரே ஒரு குளிர்காலம். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

நாற்பது மணி நேரம் முடிந்து சர்வீஸ் செய்தபோது புது பிளக்குகளை நான்தான் வாங்கி வந்தேன். நாங்கள் வழக்கமாகப் போடும் கம்பெனியில் எண் ஏற ஏறக் குளிர்ந்த வகை. இன்னொரு கம்பெனியில் எண் ஏற ஏறச் சூடான வகை. இதைக் கவுன்ட்டரில் ஆயிரம் பேருக்காவது விளக்கியிருப்பேன். இரண்டாவது கம்பெனியின் நான்கு பிளக்குகளை எடுத்து வந்தேன்.

"நம்ம பிளக் கெடைக்கலையா?" என்றான் டெல்பர்ட்.

"தீந்துபோச்சாம். இதுல நம்பர் கூடுதல்."

"நம்பர் கூடினா குளிர்ச்சிதானே? அப்ப நல்லதுதான்."

"நல்லதுதான்" என்றேன்.

சனிக்கிழமை காலை வலது இருக்கையைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "ஏறு, கெழவா. பதினோரு வருஷமா உனக்காக வச்சிருக்கேன்."

"முழங்கால் ரெண்டு நாளா படுத்துதுப்பா. மடக்கி உக்கார முடியாது. நீ மட்டும் ஒரு சுத்து சுத்திட்டு வா."

அவன் முகம் வாடியதை ஆர்லீன் பார்த்தாள். பறப்பதென்றாலே அவளுக்குப் பயம், அந்த விமானத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. "மூஞ்சியத் தூக்காதீங்க, நான் வரேன்" என்று கேக் டப்பாவை என் கையில் கொடுத்தாள். பிறகு மெதுவாக, "ராய், பயமில்லையே?" என்றாள்.

"பிளக்கை நானே பாத்து எடுத்தேன்" என்றேன். அது பொய்யில்லை.

வெயில் நாள், இரண்டு பேர் எடை, முழு விசையில் ஏறினான். திடலைத் தாண்டியதும் சத்தம் கரகரத்து, பிறகு நின்றது. அந்த உயரத்தில் எஞ்சின் நின்றால் நேராக எதிரே இருக்கும் சோளக்காட்டுக்குள் இறக்கு, திரும்பாதே என்று எங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் அவன். பக்கத்தில் ஆர்லீன் இருந்ததால் ஓடுபாதை அருகில் இருப்பதாகத் தோன்றியிருக்கும். திரும்பினான். திரும்பும்போது வேகம் குறைந்து இடது இறக்கை சரிந்தது, சோளத்துக்குள் விழுந்தது. சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது, நான் ஓடிப்போய்த் தேடிக் கண்டுபிடிக்க நேரமாகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோதும் டப்பா என் கையில்தான் இருந்தது.

விமானத்தைக் கட்டியவர் எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுக் கேத்தி என்னிடம் அழுதாள். "அப்பா நம்பர்ல தப்பு பண்ணவே மாட்டார் அங்கிள்." உண்மைதான். தப்பு அவனுடையதல்ல. என்னை நம்பினான், அவ்வளவுதான். இதுதான் திருத்தம்.

நான் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. மேல் வரிசையைத் தொடவே இல்லை. கெட்டிக்கார விமானி, எப்படியும் இறக்கிவிடுவான் என்று நினைத்தேன். தினமும் காலையில் சவரம் செய்யும்போது இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். இதுவரை அது போதுமாக இருந்தது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். என் முழங்காலில் ஒரு கோளாறும் இல்லை. அன்றைக்கும் இல்லை. உங்கள் மூன்று மாடியையும் நடந்தேதான் ஏறி வந்தேன்.